முதுகைத் தொட்டுப் பார்த்தபின் ஸ்கேன் எழுதுங்கள்

சரோஜினி நகரிலும் அதையொட்டிய லட்சுமிபாய் நகர், கிட்வாய் நகர், யூசுஃப் சராய் பகுதிகளிலும் நோயாளிகளைப் பார்த்துவரும் தமிழ் மருத்துவர்களுக்கும், எய்ம்ஸிலும் சஃப்தர்ஜங்கிலும் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்களுக்கும், இயன்முறைச் சிகிச்சையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்



இடுப்பு வலியோடு உங்கள் முன் வந்து அமரும் மனிதரின் சட்டையைக் கழற்றச் சொல்லாமல், அவரைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்க்காமல், வலி தொடங்கிய விதத்தைக்கூட முழுமையாகக் கேட்காமல், முதற் சந்திப்பிலேயே எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுக்கும் வழக்கம் பரவியிருப்பதை நீங்கள் எவரையும்விட நன்கு அறிவீர்கள். அந்த வழக்கத்தால், ஸ்கேன் தேவைப்படாத பலர் செலவுக்கும் அச்சத்துக்கும் ஆளாகிறார்கள். அது உடனடியாகத் தேவைப்படும் சிலரோ அதே வரிசையில் அடையாளம் தெரியாமல் காத்துக் கிடக்கிறார்கள். இவ்விரண்டும் ஒரே குறையிலிருந்து பிறப்பவை. அந்தக் குறையைப் போக்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்வதற்கே இம்மடல் எழுதப்படுகிறது.

உங்களை விளித்து எழுதக் காரணம் உண்டு. சரோஜினி நகர்ச் சந்தைக்குள் துணிக்கட்டுகளைத் தோளில் சுமப்பவரும், காலை முதல் இரவு வரை நின்றே விற்பவரும், அரசுக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் பாத்திரம் துலக்கித் தரை துடைக்கும் பெண்ணும், மேசை முன் அமர்ந்தே பணிக்காலத்தைக் கழித்து ஓய்வுபெற்ற அரசு ஊழியரும், 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மறுகட்டுமானத் திட்டத்துக்காகச் செங்கல் சுமப்பவரும், சி.ஜி.எச்.எஸ். மருந்தகத்திலோ தெருமுனைக் கிளினிக்கிலோ அரவிந்தர் மார்கின் இருபுறமும் எதிரெதிராக நிற்கும் இரு பெரு மருத்துவமனைகளிலோ ஏதேனும் ஓரிடத்தில் உங்களைச் சந்திக்கிறார்கள். அவர்களுள் தமிழில் மட்டுமே தம் உடலைப் பற்றி விரிவாகப் பேச இயன்றவர்களும் உண்டு. பிற மருத்துவரிடம் வலி என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும் அவர்களது நோய்வரலாறு உங்களிடம் முழுவதுமாக வெளிப்படக்கூடும். அந்த வாய்ப்பை நீங்கள் பயன்படுத்தாவிடில் அவர்களுக்கு வேறு வாய்ப்பு எளிதில் அமைவதில்லை.

புறநோயாளர் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே என்பதும், பரிசோதனைக் கட்டிலின் மேல் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் அறைகளில் நீங்கள் பணியாற்ற நேர்கிறது என்பதும், ஸ்கேன் எழுதாத மருத்துவரை நோயாளியே ஐயத்தோடு பார்க்கிறார் என்பதும் உண்மை. எனினும், ஆறு வாரத்தில் தானாகத் தணியக்கூடிய வலிக்கு எடுக்கப்பட்ட படத்தை விளக்கவும், அந்த விளக்கம் எழுப்பிய அச்சத்தைத் தணிக்கவும், அடுத்த மருத்துவரிடம் அனுப்பவும் செலவாகும் நேரம், முதல் நாளில் முறையாகக் கேட்டுத் தொட்டுப் பார்க்கச் செலவாகும் நேரத்தைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதை எண்ணிப் பாருங்கள்.

கீழ்முதுகு வலியில் முதல் சந்திப்பின் நோக்கம் எந்த இடைத்தட்டு பிதுங்கியிருக்கிறது என்று பெயர் சூட்டுவதன்று. நோயாளி மூன்று வகையினருள் எவ்வகையைச் சேர்ந்தவர் என்று பிரித்தறிவதே ஆகும். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குத் தசை, தசைநார், மூட்டு, இடைத்தட்டு ஆகியவற்றுள் எது வலிக்கிறது என்று உறுதியாகச் சுட்ட இயலாத, ஆனால் ஆபத்தற்ற வலியே இருக்கிறது; இதனைக் குறிப்பிட்ட காரணம் சுட்டாத வலி என்பர். இரண்டாம் வகையினருக்கு முதுகெலும்பிலிருந்து வெளிப்படும் நரம்பின் வேர் அழுத்தப்பட்டு, வலி பிட்டத்தின் வழியே முழங்காலுக்குக் கீழும் இறங்குகிறது. சயாட்டிகா என்று மக்களும் அறிந்திருப்பது இதுவே. மூன்றாம் வகையினர் மிகச் சிலர்: காசநோய், புற்றுநோய், எலும்பு முறிவு, சீழ்த்தொற்று, நரம்புக் கொத்தின் கடும் அழுத்தம் ஆகியவற்றால் துன்புறுபவர்கள். இந்தப் பிரிப்பைச் செய்துதரும் கருவிகள் உங்கள் செவியும் கையுமே.

ஆகவே கேளுங்கள். வலி எப்போது, எதைச் செய்யும்போது தொடங்கியது என்பதோடு நின்றுவிடாமல், அது எப்போது குறைகிறது என்றும் கேளுங்கள். அமர்ந்தாலும் குனிந்தாலும் தும்மினாலும் மிகும் வலி இடைத்தட்டை நோக்கிச் சுட்டுகிறது. முதியவர் ஒருவர் சற்றுத் தொலைவு நடந்ததும் கால்கள் கனத்து மரத்துப்போவதாகவும், அமர்ந்தாலோ முன்னால் சாய்ந்து நின்றாலோ தெளிவதாகவும் கூறினால், தண்டுவடக் கால்வாய் குறுகியிருக்கக்கூடும். ஆனால் காலின் இரத்தக் குழாய் அடைப்பும் இதேபோல் தோன்றுமாதலால் பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்க்காமல் முடிவு செய்யலாகாது. நாற்பது வயதுக்குட்பட்ட இளைஞர், காலையில் எழும்போது முதுகு அரைமணி நேரத்துக்கும் மேலாக இறுகிக் கிடப்பதாகவும், இரவின் பிற்பாதியில் வலி எழுப்பிவிடுவதாகவும், ஓய்வெடுத்தால் மிகுந்து நடமாடினால் குறைவதாகவும் சொன்னால், அது அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் எனப்படும் அழற்சி நோயாகலாம். முதுகெலும்பை மெல்ல மெல்ல இறுக்கி ஒன்றாக்கிவிடும் அந்நோய், வெறும் சுளுக்கு என்று கருதப்பட்டு ஆண்டுக்கணக்கில் கண்டறியப்படாமல் கிடப்பது உலகெங்கும் காணப்படும் அவலம். அவரிடம் கண் சிவந்து வலித்ததுண்டா, தோலில் சொரியாசிஸ் உண்டா என்று கேட்க அரை நிமிடம் போதும்.

எடை குறைந்ததா, மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் உண்டா, வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்ததா, முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா, மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு நெடுநாள் உட்கொண்டதுண்டா, விழுந்ததுண்டா என்பவை அபாயக் குறிகளைத் தேடும் கேள்விகள். இவற்றுள் ஒன்று மட்டும் இருப்பதாலேயே கொடிய நோய் உறுதியாகிவிடாது. ஐம்பது வயது கடந்தவர் என்பதற்காகவே எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்புவது பொருளற்றது. பல குறிகள் ஒரே மனிதரிடம் ஒன்றுசேர்வதும், முன்னர் இருந்த புற்றுநோயின் வரலாறும்தான் எடைமிக்கவை. அவற்றை எடைபோடுவது மருத்துவரின் பகுத்தறிவுக்குரிய பணி. எந்தப் படிவமும் அதனைச் செய்துதராது.

பின்னர்த் தொடுங்கள். நோயாளி அறைக்குள் நடந்து வரும்போதே பரிசோதனை தொடங்கிவிடுகிறது. குதிகாலால் நடக்கச் சொன்னால் பாதத்தை மேலே தூக்கும் தசைகளின் வலிமையும், அதன்மூலம் நான்காம், ஐந்தாம் இடுப்பு நரம்புவேர்களின் நிலையும் தெரியும். நுனிக்காலால் நடக்கச் சொன்னால் அவற்றுக்குக் கீழுள்ள முதல் திரிக நரம்புவேரின் நிலை தெரியும். முதுகை வெளிப்படுத்தி, முள்ளெலும்புகளின் வரிசையை விரலால் மேலிருந்து கீழாக வருடினால் ஓரிடத்தில் புடைத்திருக்கும் சிறு முடிச்சு விரலுக்குத் தட்டுப்படும்; அதன்மேல் மெல்லத் தட்டும்போது நோயாளி துடித்தால், அந்த ஒரு செயல் அடுத்து எடுக்கவேண்டிய படத்தின் அவசரத்தையே மாற்றிவிடும். மல்லாந்து படுத்தவரின் காலை முழங்கால் மடங்காமல் உயர்த்தும்போது முழங்காலுக்குக் கீழ் மின்னல்போல வலி பாய்வது நரம்புவேர் இழுபடுவதைக் காட்டும். செர்பிய மருத்துவர் லாசரேவிச் 1880-இல் விவரித்ததும், பிரான்சின் லசேகின் பெயரால் உலகம் அழைப்பதுமான இச்சோதனைக்கு இன்றுவரை ஒரு காசும் செலவில்லை. வலியில்லாத காலை உயர்த்தும்போது மறுகாலில் வலி எழுந்தால் இடைத்தட்டுப் பிதுக்கத்தின் மீதான ஐயம் வலுவாக உறுதிப்படுகிறது. அது அரிதாகவே காணப்படுவது, ஆனால் காணப்பட்டால் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. முழங்கால், கணுக்கால் அனிச்சைகளும், பெருவிரலை மேல்நோக்கி அழுத்தும் வலிமையும், பாதத்தின் உட்புறம், மேற்புறம், வெளிப்புறம் ஆகியவற்றின் தொடுவுணர்வும் பார்த்து முடிக்க நெடுநேரம் ஆவதில்லை. இடுப்பு மூட்டைச் சுழற்றிப் பார்ப்பதையும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். மூட்டுத் தேய்வும், சிறுநீரகக் கல்லும், கருப்பை சார்ந்த நோய்களும், பெருந்தமனியின் வீக்கமும் இடுப்பு வலியாகவே தம்மை அறிவித்துக்கொள்வதுண்டு.

இவ்வளவும் செய்யாமல் எடுக்கப்படும் படம் ஏன் தீங்கு செய்கிறது என்பதற்குச் சான்றுகள் திரண்டு கிடக்கின்றன. பாஸ்டன் நகரின் மிக்ஸ்டரும் பாரும் 1934-இல் பிதுங்கிய இடைத்தட்டே காலுக்கு இறங்கும் வலியின் காரணம் என்று நிறுவியதிலிருந்து, முதுகு வலி அனைத்துக்கும் இடைத்தட்டையே குற்றவாளியாக்கும் மனப்பாங்கு மருத்துவத்தில் நிலைத்துவிட்டது. 1994-இல் ஜென்சனும் அவருடைய குழுவினரும் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, அவர்களுள் 52 சதவீதத்தினருக்கு ஓரிடத்திலேனும் இடைத்தட்டு பிதுங்கியிருந்தது. 2015-இல் பிரிஞ்ஜிக்ஜியின் குழு, வலியற்ற 3,110 பேரின் படங்களைத் தொகுத்து ஆராய்ந்தபோது, இருபது வயதினருள் 37 சதவீதத்தினருக்கும், ஐம்பது வயதினருள் 80 சதவீதத்தினருக்கும், எண்பது வயதினருள் 96 சதவீதத்தினருக்கும் இடைத்தட்டுத் தேய்வு காணப்பட்டது. தலைமயிர் நரைப்பதைப் போன்று வயதோடு வரும் இம்மாற்றங்களை அறிக்கையில் நோய்ப்பெயர்களாக வரிசைப்படுத்தி, விளக்கம் எதுவுமின்றி நோயாளியின் கையில் தருவது எத்தகைய செயல் என்று நீங்களே கூறுங்கள்.

அதன் விளைவைத் தமிழ்நாட்டிலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் ச. இராஜசேகரனும் அவருடைய குழுவினரும் நடத்தி, 2021-இல் ஐரோப்பிய முதுகெலும்பு ஆய்விதழில் வெளியிட்ட ஆய்வு, தில்லியில் பணியாற்றும் உங்கள் ஒவ்வொருவரின் மேசையிலும் இருக்கவேண்டியது. கீழ்முதுகு வலியுள்ள 44 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உள்ள ஒவ்வொரு குறையையும் விரித்துரைத்தார்கள். மறு பிரிவினரிடம், காணப்படுவன இயல்பான மாற்றங்களே என்று தேற்றிக் கூறினார்கள். ஆறு வாரங்களுக்குப் பின், குறைகளைக் கேட்டறிந்தவர்கள் தம் முதுகைப் பற்றித் தாழ்வான எண்ணமும், வலி மேலும் மோசமாகும் என்ற அச்சமும், குறைந்த செயல்திறனும் உடையவர்களாகவும், தேற்றப்பட்டவர்கள் நல்ல முன்னேற்றம் கண்டவர்களாகவும் இருந்தார்கள். நோயாளியின் முதுகைப் போலவே மருத்துவரின் சொல்லும் அவரது வலியை நிர்ணயிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மூட்டை தூக்கிப் பிழைப்பவரிடம் இடைத்தட்டு விலகிவிட்டது, இனிக் குனியக்கூடாது என்று சொல்லி அனுப்புவது, அவர் குடும்பத்தின் வருவாயை அந்த அறையிலேயே நிறுத்திவிடுவதற்கு ஒப்பாகும். அத்தடைக்கு அறிவியல் ஆதாரமும் இல்லை. பிதுங்கிய இடைத்தட்டு தானாகவே சுருங்குவது பலரிடம் காணப்படுகிறது, சயாட்டிகா வலியும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் தணிகிறது.

இத்தனையும் கேட்டு ஸ்கேனையே வெறுப்பவர்களாக நீங்கள் மாறிவிடக்கூடாது என்பதும் இம்மடலின் கவலை. ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகளை அப்படியே தில்லிக்குப் பொருத்த இயலாமைக்குக் காரணம் காசநோய். உலகக் காசநோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் வாழ்கிறார். எலும்பைத் தாக்கும் காசநோயில் ஏறத்தாழ பாதி முதுகெலும்பையே தாக்குகிறது. 1779-இல் லண்டன் மருத்துவர் பெர்சிவால் பாட் விவரித்த அந்நோய், காய்ச்சலும் இருமலும் இல்லாமல், வாரக்கணக்கில் மெல்ல வளரும் முதுகு வலியாக மட்டுமே தோன்றக்கூடும். எலும்பின் தாதுச் சத்தில் 30 முதல் 50 சதவீதம் அழிந்த பின்னரே சாதாரண எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியுமாதலால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று தேற்றி அனுப்பப்பட்டவர், சில மாதங்களில் கால்கள் செயலிழந்து திரும்பி வருவது நிகழக்கூடியதே. இங்கே எம்.ஆர்.ஐ. உயிர்காக்கும் கருவி, ஐயமிருந்தால் முழு முதுகெலும்பையும் எடுக்கவேண்டும், ஏனெனில் நோய் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதுங்கியிருக்கலாம்.

ஐயம் எழுந்தவுடன் செய்யக்கூடாதவையும் உண்டு. லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளை முன்னெச்சரிக்கையாகத் தந்தால் காசநோய்க் கிருமி சிறிது காலம் அடங்கி, நோயறிதலை மறைத்துவிடும்; ஸ்டீராய்டு ஊசியும் அவ்வாறே வலியை மறைத்துக் கிருமியை வளரவிடும். இயலும் இடங்களிலெல்லாம், பாதிக்கப்பட்ட எலும்பிலிருந்து ஊசிவழித் திசு எடுத்து, கிருமியின் மரபணுவையும் ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதையும் கண்டறியும் சிபிநாட் சோதனைக்கும் வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பியபின் சிகிச்சை தொடங்குவதே முறை. உரிய காலத்தில் கண்டறிந்தால் இந்நோய் மாத்திரையால் குணமாகும் என்பதை உலகுக்கு உணர்த்தியதில் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், கால்கள் செயலிழக்காத நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே குறுகியகால மருந்துச் சிகிச்சை பெற்றாலும், பெரும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இணையான பலன் பெறுகிறார்கள் என்று காட்டியது. அதன் பத்தாண்டுப் பின்தொடர்வு அறிக்கை 1999-இல் வெளிவந்தது. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் படித்து வந்த உங்களுக்கு இது உங்கள் ஆசிரியர்களின் ஆசிரியர்கள் விட்டுச்சென்ற உடைமை. கால் செயலிழக்கும் முன்னரே கண்டறிந்தால்தான் அந்த உடைமை நோயாளிக்குப் பயன்படும்.

மற்றொன்று, தயக்கத்தால் கேட்கப்படாமலே போகும் கேள்வி. தண்டுவடம் முடியுமிடத்துக்குக் கீழே குதிரைவால்போல் தொங்கும் நரம்புக் கொத்து பெரிய பிதுக்கத்தால் நசுங்கும்போது, சிறுநீர் கழிப்பதில் தடையும், மலவாயைச் சுற்றியும் தொடையின் உட்புறத்திலும், அதாவது சைக்கிள் இருக்கையில் படும் பகுதியில், உணர்வின்மையும் தோன்றுகின்றன. அறுவைச் சிகிச்சை மணிக்கணக்கில் தாமதமாகும்போதே சிறுநீர்ப்பையின் செயலை மீட்கும் வாய்ப்பு குறையத் தொடங்குகிறது. உடனிருக்கும் மகன் இந்தியில் மொழிபெயர்க்க, அவன் முன்னிலையில் இதைத் தாமாகச் சொல்லக்கூடிய தாய் எவருமில்லை. உங்களுக்கு அவரது மொழி தெரியும். மகனைச் சற்று வெளியே அமரச் சொல்லிவிட்டு, அம்மா, சிறுநீர் சரியாகப் போகிறதா, துடைக்கும்போது உணர்வு தெரிகிறதா என்று நீங்கள் கேட்டால் அவர் சொல்லிவிடுவார். ஐயமிருப்பின் சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு தங்குகிறது என்பதை அல்ட்ராசவுண்டு கொண்டு அளந்து பாருங்கள். மறுநாள் புறநோயாளர் பிரிவுக்கு வரச் சொல்லாமல், அப்போதே அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

இயன்முறைச் சிகிச்சையாளர்களே, உங்களிடமும் ஒரு முறையீடு உண்டு. உலக அளவில் 2020-இல் 61.9 கோடிப் பேரைத் துன்புறுத்திய கீழ்முதுகு வலி 2050-இல் 84.3 கோடிப் பேரை எட்டும் என்று கணக்கிடப்பட்டிருக்கும் நிலையில், உலக நலவாழ்வு நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு இழுவைச் சிகிச்சையையும், இடுப்புப் பட்டையையும், அல்ட்ராசவுண்டு, டென்ஸ் போன்ற கருவிச் சிகிச்சைகளையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று கூறுகிறது. கற்பித்தலையும் உடற்பயிற்சியையும் முன்வைக்கிறது. கருவியில் பத்து நாள் கிடத்தி எழுப்புவதை விட, நோயாளியின் வேலையில் அவர் எப்படிக் குனிகிறார், எதை எவ்வளவு உயரத்திலிருந்து தூக்குகிறார், வலி வந்தால் என்ன ஆகிவிடும் என்று அஞ்சுகிறார் என்பவற்றைக் கேட்டறிவது உங்கள் நோயறிதலின் பகுதியாக வேண்டும். அச்சமும், உறக்கமின்மையும், வேலை போய்விடுமோ என்ற கவலையும் வலி நாட்படுவதை முன்னறிவிக்கும் குறிகள். ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் குடியிருப்பு 2025 ஜூனில் இடிக்கப்பட்டபின் நரேலாவுக்குப் போகவேண்டியிருந்த குடும்பங்களில், தென் தில்லியில் வீட்டு வேலை செய்துவந்த பெண்களுக்கு, இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று சொல்வதன் பொருள் ஒரு நாள் கூலியும் மணிக்கணக்கான பேருந்துப் பயணமும் ஆகும். அவர்களுக்கு முதல் சந்திப்பே முழுமையான சந்திப்பாக அமையவேண்டும்.

எனவே உங்களிடம் கேட்கப்படுவது இதுதான். இடுப்பு வலியோடு வரும் ஒவ்வொருவரின் சீட்டிலும், காலை உயர்த்திய சோதனையின் முடிவையும், கால்களின் வலிமை, உணர்வு, அனிச்சை ஆகியவற்றையும், சிறுநீர் பற்றிய விடையையும், எடை, காய்ச்சல், காசநோய் வரலாற்றையும் உங்கள் கையால் எழுதுங்கள். எம்.ஆர்.ஐ. எழுதும்போது எந்த ஐயத்தைத் தீர்க்க எழுதப்படுகிறது என்பதை அதே தாளில் குறிப்பிடுங்கள். குறிப்பிட ஐயம் எதுவும் இல்லையென்றால், ஆறு வாரம் பொறுக்கலாம் என்று நோயாளியிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், அதுவரை படுத்தே கிடக்காமல் இயன்றவரை நடமாடச் சொல்லுங்கள். துறைத் தலைமையில் இருப்பவர்கள் பரிசோதனைக் கட்டிலின் மேலுள்ள கோப்புகளை அகற்ற ஏற்பாடு செய்யுங்கள். பயிற்சி மருத்துவர் முதுகைத் தொடாமல் எழுதிய ஸ்கேன் சீட்டில் கையொப்பமிடாதீர்கள். கால் வலுவிழந்தாலும், சிறுநீர் தடைப்பட்டாலும், உட்காருமிடம் மரத்துப்போனாலும், காய்ச்சலோடு வலி இரவில் மிகுந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திராமல் உடனே வரவேண்டும் என்பதை, ஓ.பி. சீட்டின் பின்புறத்தில் தமிழில், அவர் வீட்டார் படிக்கும்படி தெளிவாக எழுதிக் கொடுங்கள்.